கிளினிக் கொப்பியும் காப்புறுதிப் பத்திரமும்

அன்புள்ள ஐயா,

அரசாங்க ஆஸ்பத்திரியின் இலவசக் கிளினிக்கில், வைத்தியர் மருந்து எழுதுகிற கொப்பியோடு வரிசையில் நிற்பதைப் பற்றிய உங்களுடைய ‘வியாழக்கிழமைக் கிளினிக்’ கட்டுரையை வாசித்தேன். நான் திருகோணமலையில் பிறந்து ஸ்ரீ சண்முகாவில் படித்தவள். இப்போது பதினெட்டு வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறேன். “வரிசை ஆளைப் பார்க்காது, கொப்பியை மட்டும்தான் பார்க்கும்” என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் பாராட்டிய அந்த வரிதான் எனக்கு உறுத்தியது.

என் அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அம்மா இல்லை. உவர்மலையில் தனியாக இருக்கிறார். சலரோகமும் பிரஷரும் உண்டு. நானும் தம்பியும் சேர்ந்து அவருக்கு அங்கே ஒரு மருத்துவக் காப்புறுதி எடுத்து மூன்று வருடமாகக் கட்டிவருகிறோம். ஆனால் அவர் விடிய ஐந்து மணிக்கே சொப்பிங் பையில் கொப்பியை வைத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் நிற்கிறார். “சனல் பண்ணித் தனியாரில டொக்டரைக் காட்டுங்கோ அப்பா, காசு நாங்க தாறம்” என்றால் “உனக்கு விளங்காது” என்கிறார். உங்கள் கட்டுரையை யாரிடமோ கொடுத்து அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறாராம்.

இரண்டு கேள்விகள். வசதி உள்ள ஒருவர் இலவச வரிசையில் நிற்பது ஏழை ஒருவருடைய இடத்தைப் பிடிப்பது ஆகாதா? மற்றது, கனடாவில் எல்லோருக்கும் அரசாங்கக் காப்புறுதி இருக்கிறது. அப்பா சூப்பர் விசாவில் (பெற்றோர் வந்து தங்குகிற விசா) வந்தபோதுகூட 1 லட்சம் டொலருக்குக் காப்புறுதி எடுத்த பிறகுதான் பிளேனில் ஏற்றினோம். ஊரிலும் எல்லோருக்கும் காப்புறுதி என்று ஒன்று வந்தால் இந்த ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிடாதா?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கக்கூடும். வியாழக்கிழமைகளில் உவர்மலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் நாலைந்து பேர்தான். அதில் துறைமுகத்து ஆட்களை இரண்டு நிமிடக் கதையிலேயே கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் பிள்ளை பிறந்த வருடம், புயல் அடித்த வருடம் என்று கணக்கு வைத்தால், அவர்கள் இன்ன கப்பல் வந்த வருடம் என்று வைத்திருப்பார்கள். சரி, நீங்கள் பெயர் சொல்லவில்லை, நானும் விசாரிக்கப் போவதில்லை. கட்டுரையை அச்செடுத்து வைத்திருக்கிறார் என்றால் என் எழுத்தின் மேலுள்ள மதிப்பால்தான் என்று நினைக்க எனக்கும் ஆசை. உங்களோடு வாதாட ஒரு சாட்சி கிடைத்ததென்று வைத்திருக்கிறார் போலத்தான் தெரிகிறது.

முதலில் அந்தப் பத்திரம். நீங்கள் மூன்று வருடமாகக் கட்டிவருகிற காப்புறுதிப் பத்திரத்தை முழுதாக வாசித்தீர்களா? கோபிக்க வேண்டாம். நான் வாசிக்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், 33 வருடம் மற்றவர்களுடைய படிவங்களைத் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவன் நான். ‘மூன்றாம் பந்தி நிரப்பப்படவில்லை’, ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று எத்தனை பேரை அலைக்கழித்திருப்பேன்.

2013இல் ஓய்வுபெற்றேன். வேலையில் இருந்தவரை சம்பளத்தில் அக்ரஹார என்ற அரசாங்க ஊழியர் காப்புறுதிக்கென்று ஒரு தொகை வெட்டுப்படும். ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பினால் பில்லை அனுப்பி ஒரு பங்கை மீட்டுக்கொள்ளலாம். ஓய்வூதியர்களை அதில் சேர்த்தபோது 2016 முதல் ஓய்வுபெறுகிறவர்கள் என்று கோடு போட்டார்கள். முந்தியவர்களைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. ஆனால் நான் அதற்கெல்லாம் முதலே, ஓய்வுபெற்ற மறு வருடமே, தனியாரில் எனக்கும் மனைவிக்குமாக ஒன்று எடுத்துவிட்டேன்.

ஏஜென்ட் பொடியன் வீட்டுக்கே வந்தான். நல்ல பொடியன். மனைவி கொடுத்த பிளேன்டியைக் குடித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினான். ‘கடந்த ஐந்து வருடங்களில் ஏதேனும் நோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா’ என்ற இடம் வந்தது. “இவவுக்குச் சலரோகம் இருக்கு தம்பி” என்றேன். பேனை நின்றது. “குளிசை மட்டும்தானே ஐயா? ஊசி ஏத்திறேல்லைத்தானே? அப்ப அதைப் போடத் தேவையில்லை.” இல்லை என்ற கட்டத்துக்குள் கோடு விழுந்தது. எனக்கு அது பிழை என்று தெரியும். 33 வருட அனுபவத்துக்குத் தெரியாமல் இருக்குமா? கையெழுத்து வைத்தேன்.

நாலு வருடம் ஒழுங்காகக் கட்டுப்பணம் கட்டினோம். 2018இல் மனைவிக்குக் காலில் வந்த புண் ஆறாமல், கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட்டில் முதல் வரி என்ன தெரியுமா? பன்னிரண்டு வருடச் சலரோகி. வைத்தியர் கேட்டார், அவ உள்ளதைச் சொன்னா, அவர் எழுதினார். அந்த ஒரு வரியோடு கிளெய்ம் போய்விட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். “ஐயா, நீங்க இல்லையெண்டு போட்டிருக்கிறீங்களே” என்று படிவத்தின் பிரதியை என் பக்கம் திருப்பி, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். எத்தனையோ பேருக்கு நான் அப்படி விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

காப்புறுதியின் அடிப்படையே அதுதான் பிள்ளை. கேட்கிற ஆள் தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கையில்தான் கம்பனி விலை போடுகிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் பத்திரம் வெறும் தாள். ஆகவே உங்கள் அப்பாவின் விண்ணப்பப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சலரோகம், பிரஷர் என்று இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இப்போதே எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். கட்டுப்பணம் கூடலாம், அந்த இரண்டு வருத்தத்துக்கும் இல்லை என்று சொல்லலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது தெரியவருவதைவிட இது மேல். உள்ளதைச் சொல்லியும் காசு தர மறுத்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று ஒருவர் இருக்கிறார், முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. அதோடு எந்த வயது வரைக்கும் பத்திரம் ஓடும் என்று பாருங்கள். என்னுடையது 70இல் நின்றுவிட்டது. 60இலிருந்து 70 வரை நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன். இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகிறது.

இன்னொன்று. பத்திரம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுப்பதற்குத்தான் காசு தரும். எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்குக் காசு போகிற வழியே வேறு. மாதாமாதம் குளிசை, மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தப் பரிசோதனை, கண்ணாடி, பல்லு, காது கேட்கிற மெஷின், சனல் காசு, ஓட்டோக் காசு. தண்ணீர்த் தொட்டி வெடித்தால் கம்பனி வரும். குழாய் இருபது வருடமாகச் சொட்டுவதற்கு வராது.

சூப்பர் விசாக் காப்புறுதியையும் இதே கண்ணாலேயே பாருங்கள். 1 லட்சம் டொலர் என்பது கேட்கப் பெரிய தொகை. ஆனால் அங்கேயும் ஏற்கெனவே உள்ள வருத்தம் ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வாசகம் அநேகமாக இருக்கும். பயணத்துக்கு முந்தின இத்தனை நாளுக்குள் பிரஷர்க் குளிசையின் அளவைக் கூட்டியிருந்தாலோ குறைத்திருந்தாலோ நிலையாக இல்லை என்று அர்த்தம். இங்கே கிளினிக்கில் 50ஐ 100 ஆக்கிக் கொடுத்ததை அப்பா உங்களிடம் சொல்லியிருப்பாரா? மாட்டார். பிள்ளைகள் பயப்படும் என்று நாங்கள் யாருமே சொல்வதில்லை. அடுத்த முறை அவரை அழைக்கும்போது கிளினிக் கொப்பியின் கடைசி நாலு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லோருக்கும் காப்புறுதி.

நீங்கள் இருக்கிற நாட்டில் அது எப்படி வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. டொமி டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது எலும்பில் கிருமி பிடித்துக் கால் போகிற நிலை. வீட்டில் காசில்லை. ஒரு சத்திர சிகிச்சை நிபுணர், தன் மாணவர்கள் பார்த்துப் படிக்க விடுவதென்றால் இலவசமாகச் செய்கிறேன் என்று செய்து காலைக் காப்பாற்றினார். வளர்ந்து சஸ்கச்சுவான் மாகாண முதல்வரானவருக்கு, ஒரு பிள்ளையின் கால் அப்படி அதிர்ஷ்டத்தில் தொங்கக்கூடாது என்பது விடாப்பிடியாக இருந்தது. 1962 ஜூலை முதலாம் தேதி அந்த மாகாணத்தில் திட்டம் வந்தபோது வைத்தியர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே அதைக் காப்புறுதி என்று பெயர் சொல்லி அழைத்தாலும் உங்கள் வரிப்பணம்தான் அது. யாரும் உங்கள் அப்பாவிடம் போல் உங்களிடம் சலரோகம் உண்டா என்று கேட்டுவிட்டு அட்டை தருவதில்லை.

அந்தக் கணக்கில் பார்த்தால், பிள்ளை, எல்லோருக்குமான காப்புறுதி இந்தத் தீவிலும் இருக்கிறது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், சஸ்கச்சுவானுக்குப் பதினொரு வருடம் முந்தி. அதன் பத்திரம்தான் உங்கள் அப்பா சொப்பிங் பையில் கொண்டுபோகிற 80 பக்கக் கொப்பி.

நடுவில் ஒரு முறை அதற்குக் காசு வாங்கிப் பார்த்தார்கள். 1971இல் வெளிநோயாளர் துண்டுக்கு 25 சதம். எனக்கு அப்போது 18 வயது. 25 சதம் ஒரு பெரிய காசா என்று அப்பா கேட்டார். என் அம்மம்மா அன்றோடு ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டுவிட்டா. காசு இல்லாமல் அல்ல. வெற்றிலைக்கு அதைவிடக் கூடச் செலவழிக்கிற மனுசி. “இந்த இருமலுக்குக் காசோ” என்று சொல்லித் திருக்கடலூரில் இருந்த பரியாரியிடம் போனா. அவருக்கும் காசு கொடுத்தா, அது வேறு கதை. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, இந்த வருத்தம் 25 சதம் பெறுமா என்று தனக்குள் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது அவவுக்கு. இருமல் சளியாகி, சளி நெஞ்சு நோவாகிய பிறகுதான் பெறும் என்று தீர்ப்பாகியது. 1977இல் அந்தக் கட்டணத்தை எடுத்தார்கள். அம்மம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை.

இலவசம் என்று பெயர் இருந்தும் இந்த நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களுடைய சட்டைப் பையிலிருந்துதான் நேரே போகிறது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக் கப்பல் குறைந்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. வைத்தியர் எழுதுவார், பாமசிக்குப் போய் வாங்கி வரவேண்டும். அதே காலத்தில் நிறைய வைத்தியர்கள் வெளிநாடு போனார்கள். உங்கள் பக்கம் வந்தவர்களும் இருப்பார்கள்.

சனல் பண்ணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைநேரம் முடிந்த பிறகு தனியாகப் பார்க்க அரசாங்க வைத்தியர்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே எங்கள் ஊர் மாதிரி ஒரு ஊரில் காலையில் கிளினிக்கில் பார்க்கிற அதே டொக்டரைத்தான் பின்னேரம் சனலில் பார்ப்போம். நான் இரண்டிலும் பார்த்திருக்கிறேன். மருந்து ஒன்றுதான். பின்னேரம் என் முகத்தைப் பார்த்துக் கதைக்க அவருக்கு நேரம் இருந்தது, எனக்குக் கதிரை இருந்தது. அந்தக் கதிரைக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கும்தான் காசு. அது தேவையில்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு ஒரு முறை தேவைப்பட்டது.

இனி உங்களுக்கு உறுத்திய அந்த வரிக்கு வருகிறேன். வரிசை ஆளைப் பார்க்காது என்று எழுதினேன். அது பிழை. உங்கள் கடிதம் வர முந்தியே அது பிழை என்று எனக்குக் காட்டியவர் ஒரு கச்சான்காரம்மா.

வெருகலிலிருந்து வருகிறவர். அறுபது வயதிருக்கும். கோயில் திருவிழாக்களில் கச்சான் வறுத்து விற்பவர். கிளினிக்கில் நாங்கள் வந்த ஒழுங்கில் கொப்பிகளை வாங்கின் மேல் அடுக்கிவிடுவோம், பிறகு அந்த அடுக்குக்கு ஏற்றபடிதான் கூப்பிடுவார்கள். நான் ஐந்தேகாலுக்கு வைத்தால் பதினைந்துக்குள் வரும். முதல் பஸ் பிடித்து மூதூரையும் கிண்ணியாவையும் கடந்து வருகிற அவருடைய கொப்பி எப்போதும் அடுக்கின் தலைமாட்டில், கடைசியாகக் கூப்பிடுகிற இடத்தில் இருக்கும். நான் எட்டரைக்கு வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிடுவேன். அவர் மத்தியானம் மருந்து எடுத்து, பஸ் பிடித்து, பொழுது பட்டுத்தான் வெருகலில் இறங்குவார். டவுனில் வீடு இருக்கிறது என்ற ஒன்றைத் தவிர அவருக்கு முன்னால் நிற்க எனக்கு ஒரு தகுதியும் இல்லை.

ஒருநாள் மழை. எங்களுக்குப் பேச நேரம் கிடைத்தது. அவருடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன், பழைய கச்சேரிப் பழக்கம். நடுவில் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. இதயத்தின் இரத்தக் குழாயைப் பார்க்கக் கண்டிக்கு எழுதிக் கொடுத்த கடிதம். தேதியைப் பார்த்தேன், ஏழு மாதம் கடந்துவிட்டது.

“ஏன் போகேல்ல? அங்க காசு கேக்கமாட்டினமே.”

“காசு கேக்கமாட்டினம் ஐயா. கண்டிக்குப் போனா ஆர் கூட நிக்கிறது? எனக்குச் சிங்களமும் தெரியா. மகள் அங்கால கார்மென்ட்ஸ்ல, லீவு குடுக்கமாட்டாங்கள். திருவிழா முடியட்டும். கச்சான் விக்காட்டி வருசத்துக்கும் கையில காசில்லை.”

இதற்கு எந்தக் காப்புறுதி இருக்கிறது, சொல்லுங்கள். திருகோணமலையிலிருந்து கண்டி ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அவருக்கு வெருகலிலிருந்து இங்கே வருவதே ஒரு பயணம். சிகிச்சை இலவசம், கட்டில் இலவசம், சாப்பாடும் தருவார்கள். பஸ் காசும், கூட வருகிற ஆளின் இரண்டு நாள் கூலியும், அந்த ஆள் எங்கே படுப்பது என்பதும், வைத்தியர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒருவரும் யார் பில்லிலும் இல்லை. நாளைக்கே அவருக்கு நீங்கள் ஒரு பத்திரம் எடுத்துக் கொடுத்தாலும் அது ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளேதான் வேலை செய்யும். அவருடைய கஷ்டமெல்லாம் வாசலுக்கு வெளியே. காப்புறுதி பில்லைக் கட்டும், ஆளைக் கூட்டிக்கொண்டு போகாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாளைக்கு அவர் கச்சான் சட்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் 1990க்கு அடிக்கலாம். சுவசெரிய அம்புலன்ஸ், ஒரு சதமும் வாங்கமாட்டார்கள். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. நல்ல சேவை, நான் ஒரு முறை ஏறியிருக்கிறேன். விழுந்தால் வண்டி வரும். விழாமல் இருக்கப் போவதற்குத்தான் வண்டி இல்லை.

எனக்கு வேலைக்குச் சேர்ந்த காலம் ஞாபகம் வருகிறது. கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதையில் ஏறவேண்டும். பாதை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரோட்டு என்று நினைக்கும். கயிறும் பலகையுமாகத் துறையைக் கடக்கிற மிதவை. இரவில் பாதை ஓடாது. பிள்ளைப்பேற்று நோவோடு இருக்கிற பெண்ணைக் கரையில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்த கதைகள் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள், 396 மீட்டர். அந்தப் பாலம் கொடுத்த காப்புறுதியை எந்தக் கம்பனியும் இந்த மாவட்டத்துக்குக் கொடுத்ததில்லை.

ஆகவே எல்லோருக்கும் காப்புறுதி வந்தால் தீராதா என்று கேட்டால், கொஞ்சம் தீரும் என்பேன். பெரிய சத்திர சிகிச்சைக்கு வீட்டை ஈடு வைக்கிற குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். (அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை என்று சொல்லுங்கள்.) ஆனால் காசுள்ளவர்களுக்குப் படுக்க வேறு கட்டில் கிடைத்த பிறகு, வெருகலுக்கு வைத்தியர் இல்லை என்று மனு எழுத ஆள் குறைந்துவிடும். மனு எழுதத் தெரிந்தவர்கள் வாசித்துப் பார்ப்பதும் மேசையில் தட்டிக் கேட்பதும் தாங்கள் நிற்கிற வரிசைக்காகத்தான். கச்சேரியில் இருந்தபோது எனக்கு வந்த மனுக்களை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர் வராத குறிச்சியில் ஒரு வாத்தியார் வீடு இருந்தால் கடிதம் வந்துவிடும்.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிட்டது போல. உங்கள் அப்பா வரிசையில் நிற்பது தப்பில்லை. அவர் நிற்கட்டும். அவருக்கு அங்கே நாலு பேர் கதைக்க இருக்கிறார்கள், தனியாக இருக்கிற மனுசனுக்கு அதுவும் ஒரு மருந்து. வெருகல் அம்மாவுக்கு முன்னால் அவருடைய கொப்பி இருப்பதுதான் நெருடல், எனக்கும் அதே நெருடல்தான். நான் விட்டுக்கொடுத்து வீட்டில் இருந்தால் அந்த இடம் அவருக்குப் போகாது, எனக்குப் பின்னால் வைத்த டவுன்காரருக்குத்தான் போகும்.

காசை எதற்குச் செலவழிப்பது என்று நீங்களும் தம்பியும் யோசிப்பதென்றால், பத்திரத்தை விடச் சொல்லமாட்டேன், ஆனால் அப்பாவோடு மாதம் இரண்டு நாள் கூடப் போய்வர நம்பிக்கையான ஒரு பொடியனைப் பிடித்துக் கொடுங்கள். கொழும்புக்கு எழுதினால் யார் கூடப் போவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். அவர் வேண்டாம் என்பார். பொடியனுக்கு வேலை இல்லை, பாவம் என்று சொல்லுங்கள், சம்மதிப்பார்.

கச்சான்காரம்மாவின் கதையை முடிக்கவில்லை. வெருகல் கோயில் திருவிழா முடிந்துவிட்டது. தங்கச்சியின் மகன் ஒருவன் கண்டியில் புடவைக்கடையில் நிற்கிறானாம், சிங்களம் தெரியும், இரண்டு நாள் லீவு கேட்டு வைத்திருக்கிறான். ஆனால் பழைய கடிதத்தோடு இத்தனை மாதம் கழித்துப் போய் நிற்க முடியாது, புதிதாக எழுதி வாங்கவேண்டும். அதற்கு அவர் வருகிற வியாழக்கிழமை கிளினிக்குக்கு வந்து, டொக்டரைக் கண்டு, அன்றைக்கே கண்டி பஸ்ஸையும் பிடிக்கவேண்டும். கடைசி நம்பரில் இருந்தால் நடக்காது. அதனால் போன வாரமே கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறார், விடிய வந்து அடுக்கில் வைக்கச் சொல்லி. ஆள் இல்லாமல் கொப்பி வைப்பது முறையா என்று கேட்டால் கச்சேரிக்காரனாக நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால் அன்று எனக்கு வரமுடியாது, மனைவியின் காலைக் காட்டக் கொழும்புக்குப் போகிறோம். உங்கள் அப்பா ஐந்து மணிக்கே வருகிற ஆள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கட்டுரையை வைத்திருக்கிறவருக்கு என் வீடு தெரிந்திருக்கும். புதன்கிழமை பின்னேரம் ஒருக்கால் வந்து போகச் சொல்லுங்கள். நீல மட்டைக் கொப்பி. திறந்தால் நடுவில் கச்சான் தோல் கொட்டும், கவனமாகப் பிடிக்கச் சொல்லுங்கள், கடிதம் கிழிந்துவிடும்.